சிக்னலில் அணையும் எஞ்சின்

சிவப்பு விழுகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்கள். எஞ்சின் இரண்டு முறை குலுங்கிவிட்டு அடங்கிப்போகிறது. பச்சை விழுவதற்குள் சாவியைத் திருகோ திருகென்று திருகுகிறீர்கள். பின்னால் நிற்கும் பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. ஓடும்போது ஒரு குறையும் இல்லாத வண்டி, நின்றால் மட்டும் அணைகிறது. பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒருநாள் இது வரும்.

இந்த அத்தியாயத்துக்கு மாதிரியாக, கார்புரேட்டர் வைத்த மாருதி 800-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரி வரை தயாரான வண்டி, 796 சி.சி., மூன்று சிலிண்டர். உள்ளே கைவிட இடம் இருக்கிறது, உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறது, கற்றுக்கொள்ள இதைவிட நல்ல எஞ்சின் இல்லை. அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்களும் இதே வரிசையில் போகலாம். அளவுகள் மட்டும் மாறும். இன்ஜெக்‌ஷன் வண்டிக்குக் கடைசியில் தனியாகச் சில வரிகள் உண்டு.

முதலில் ஒரு விஷயம். ஐடிலிங் சரியில்லை என்றதும் எல்லோருடைய ஸ்க்ரூ டிரைவரும் நேராகக் கார்புரேட்டருக்குப் போகும். போகக் கூடாது. அதற்கான முறை கடைசியில்தான். என் மைத்துனரின் 1997 மாடல் வண்டிக்கு நான்கு மாதத்தில் மூன்று முறை கார்புரேட்டர் சர்வீஸ் நடந்தது. ஒரு முறை ரிப்பேர் கிட்டும் மாற்றினார்கள். நான் போய்ப் பார்த்தபோது இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் சுண்டுவிரல் பருமன் ரப்பர் ஓஸ் ஒன்று, நுனியில் வெடித்திருந்தது. வெடித்த அரை அங்குலத்தை வெட்டிவிட்டு மறுபடி சொருகினேன். “அவ்வளவுதானா மாப்ள?” என்றார். அவ்வளவுதான். ஆனால் மூன்று பேர் திருகிவைத்த ஸ்க்ரூக்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது.

காற்று, தீப்பொறி, பெட்ரோல், பிறகே கார்புரேட்டர். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எஞ்சினை விசாரியுங்கள்

பானெட்டைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து, வண்டி எப்போது, எப்படி அணைகிறது என்று எழுதுங்கள். பாதி வேலை இதிலேயே முடியும்.

• சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நிற்கிறதா? மின்சாரக் கோளாறு. இக்னிஷன் ஒயர், காயில், பாயிண்ட் பக்கம் பாருங்கள்.

• திக்கித் திணறி, இருமி நிற்கிறதா? பெட்ரோல் வரத்து, அல்லது வேண்டாத காற்று.

• காலையில் மட்டும் தொல்லை, சூடானால் சரியா? சோக் முழுதாக வேலை செய்யவில்லை, அல்லது எங்கோ காற்று கசிகிறது.

• காலையில் நன்றாக இருந்து, மதியம் வெயிலில் மட்டும் நிற்கிறதா? அதற்குத் தனித் தலைப்பே கீழே இருக்கிறது.

• பிரேக்கை மிதிக்கும்போது ஐடிலிங் மாறுகிறதா? பூஸ்டர் உள்ள வண்டியானால், பூஸ்டருக்குப் போகும் ஓஸ் அல்லது பூஸ்டரின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம். இதைத் தள்ளிப்போடாதீர்கள், இது எஞ்சின் பிரச்சினை மட்டுமல்ல, பிரேக் பிரச்சினையும்கூட.

• மழை பெய்த மறுநாள் மட்டுமா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் எச்.டி. லீடுகளும்.

• ஏ.சி. போட்டால் மட்டுமா? ஏ.சி. ஓடும்போது ஐடிலைத் தூக்கிவிடும் சின்ன வால்வும் அதன் ஓஸும்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: மூன்று சிலிண்டர் எஞ்சினுக்குச் சின்ன நடுக்கம் பிறவிக்குணம். கியர் லீவர் லேசாகத் துடிப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சீராகத் துடித்தால் சரி. இரண்டு துடிப்பு, ஒரு விக்கல் என்று தாளம் தப்பினால்தான் நோய். தாளம் சரியாக இருந்தும் வண்டி முழுக்க ஆடினால் எஞ்சின் மவுண்ட் ரப்பர் நைந்திருக்கும். அதற்கு டியூனிங் மருந்தல்ல.

கைவைக்கும் முன்

1. திறந்த வெளியில் வண்டியை நிறுத்துங்கள். கதவு மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கு ஆபத்து. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை சுற்றுவதற்குள் கால் ஓய்ந்துவிடும்.

2. நியூட்ரல், ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல். மூன்றும் வேண்டும்.

3. வேட்டி, லுங்கி, துப்பட்டா, முந்தானை, தொங்கும் செயின், கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது. சூடு ஏறியதும் சொல்லாமல் கொள்ளாமல் சுழலத் தொடங்கும்.

4. பக்கத்தில் ஒரு கிலோ பவுடர் வகைத் தீயணைப்பான், இல்லையென்றால் ஒரு வாளி மணல். பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் தீ தண்ணீரோடு மிதந்து பரவும்.

5. பெட்ரோல் குழாயைத் தொடும் எந்த வேலையும் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே. பீடி, சிகரெட் பிடிப்பவரை ‘சும்மா பார்க்கிறேன்’ என்றாலும் பக்கத்தில் விடாதீர்கள்.

இரண்டு பழக்கங்களைக் கண்டிப்பாக விடுங்கள். ஒன்று, கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே செல்ஃப் அடிப்பது. எஞ்சின் பின்வாங்கி ஒரு வெடி வெடித்தால் தீ நேராக ஊற்றுகிறவர் முகத்துக்கு வரும். இரண்டு, டியூபை வாயில் வைத்துப் பெட்ரோல் உறிஞ்சுவது. ஒரு வாய் புரையேறினாலும் நுரையீரல் பாழ்.

தேவையான சாமான்கள்

பிளக் ஸ்பேனர், சாதா ஸ்க்ரூ டிரைவரும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரும், 8, 10, 12 நம்பர் ஸ்பேனர்கள், ஃபீலர் கேஜ், மெல்லிய எமரித் தாள், டார்ச், பூவாளி மாதிரித் தண்ணீர் தெளிக்கும் பாட்டில், கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே ஒன்று, ஒட்டுவதற்கு மாஸ்கிங் டேப், எழுதப் பேனா. கழற்றும் ஒவ்வொரு ஓஸிலும் லீடிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். செல்போனில் நான்கு கோணத்தில் படமும் எடுத்துவிடுங்கள். ‘ஞாபகம் இருக்கும்’ என்று நம்பியவர்கள்தான் லீடை மாற்றிச் சொருகிவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மெக்கானிக்குக்குப் போன் செய்கிறார்கள்.

முதல் சுற்று: காற்று

ஓடும்போது எஞ்சின் நிறையக் காற்றைக் குடிக்கும். ஐடிலில் சொட்டுச் சொட்டாகத்தான். ஓஸில் ஊசிமுனை ஓட்டை இருந்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் காற்று கடலில் கரைத்த பெருங்காயம். ஐடிலிலோ அதுவே பெரிய பங்கு. பெட்ரோல் மெலிந்து எஞ்சின் விக்கும். ஓடும்போது நன்றாக இருந்து, நின்றால் அணைவது இதனால்தான். இந்தச் சுற்றில் அவசரப்படாதீர்கள்.

1. ஏர் ஃபில்டரைத் திறந்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவவில்லை என்றால் புதிது போடுங்கள். தட்டிப் போடலாம், ஆனால் பெட்ரோலில் கழுவிப் போடாதீர்கள், அது தாள்.

2. இன்டேக் மேனிஃபோல்டு, கார்புரேட்டர் அடிப்பகுதி இரண்டிலிருந்தும் கிளம்பும் ஒவ்வொரு ரப்பர் ஓஸையும் விரலால் மடக்கிப் பாருங்கள். நடுவில் நன்றாக இருக்கும். சொருகியிருக்கும் நுனியில்தான் வெடிக்கும். கல் மாதிரி இறுகியிருந்தால், வெடிக்காவிட்டாலும் மாற்றுங்கள். பெட்ரோல் ஓஸ் வேறு, வேக்குவம் ஓஸ் வேறு. கடையில் எதற்கு என்று சொல்லி வாங்குங்கள்.

3. எங்கும் சேராமல் தொங்கும் ஓஸ் இருக்கிறதா? முன்பு கைவைத்தவர் விட்டுப்போனது. அதன் ஜோடி முனை எங்கோ திறந்து காற்றை இழுத்துக்கொண்டிருக்கும்.

4. கார்புரேட்டரை மேனிஃபோல்டில் பிடித்திருக்கும் நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா பாருங்கள். எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் முறுக்கினால் கார்புரேட்டரின் அடித்தட்டு வளைந்து, இல்லாத கசிவு உண்டாகும். பல கார்புரேட்டர்கள் செத்தது இப்படித்தான்.

5. இப்போது கசிவுச் சோதனை. எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஓஸ் நுனிகள், கேஸ்கெட் விளிம்புகள் மேல் தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளியுங்கள். ஓரிடத்தில் தெளித்ததும் எஞ்சின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். தண்ணீர் ஒரு நொடி ஓட்டையை அடைத்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் மட்டும் தெளிக்காதீர்கள்.

தவறு: இதே சோதனையைக் கார்புரேட்டர் ஸ்ப்ரேயாலோ பெட்ரோலாலோ செய்வது. பலன் தெளிவாகத் தெரியும் என்பது உண்மை. கொதிக்கும் சைலன்சர் குழாய் அரை அடி தள்ளி இருக்கிறது என்பதும் உண்மை.

இரண்டாம் சுற்று: தீப்பொறி

சோம்பேறி சிலிண்டரைக் கண்டுபிடிப்பதில் தொடங்குவோம். எஞ்சினை அணையுங்கள். முதல் பிளக்கின் லீடைக் கழற்றி, அதன் நுனியில் ஒரு பழைய பிளக்கைச் சொருகி, பிளக்கின் உடம்பு எஞ்சின் இரும்பில் நன்றாகப் பதியும்படி கட்டிவையுங்கள். ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் முன்பைவிட மோசமாகக் குலுங்கினால் அந்தச் சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது என்று பொருள். எந்தச் சிலிண்டரின் லீடைக் கழற்றியும் மாறாமல், முன்பு ஓடிய மாதிரியே ஓடுகிறதோ, அதுதான் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத ஆள். சில நொடிகளில் முடியுங்கள். ஓடும் எஞ்சினில் லீடை வெறும் கையால் பிடுங்கும் வீரம் வேண்டாம். ஆயிரக்கணக்கான வோல்ட் அதில் ஓடுகிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலைக்கே வரக் கூடாது.

பிளக்கைக் கழற்றுவது எஞ்சின் ஆறியபின். இதன் ஹெட் அலுமினியம். சூட்டில் முறுக்கினால் மரை பிய்ந்துவரும். கழற்றும் முன் குழியில் இருக்கும் மண்ணை ஊதிவிடுங்கள். கழற்றிய பிளக்குகளை 1, 2, 3 என்று வரிசையாக ஒரு செய்தித்தாளில் வைத்து ஜோசியம் பாருங்கள்:

• வெளிர் பழுப்பு: ஆரோக்கியம்.
• உலர்ந்த கரி, விபூதி மாதிரி ஒட்டும் கறுப்பு: பெட்ரோல் அதிகம், சோக் முழுதாகத் திரும்பவில்லை அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு.
• எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு: ஆயில் மேலே வருகிறது. டியூனிங்கில் தீராது.
• சுண்ணாம்பு வெள்ளை: பெட்ரோல் குறைவு, காற்றுக் கசிவு. முதல் சுற்றுக்குத் திரும்புங்கள்.
• பெட்ரோலில் நனைந்திருக்கிறது: அங்கே தீப்பொறியே வரவில்லை.

மூன்றும் ஒரே நிறம் என்றால் பொதுக் கோளாறு. ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் உரியது. பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. சாலையோரத்தில் ஆக்சா பிளேடைச் செருகி அளவு வைப்பார்கள். வீடு வந்துசேர அது போதும், வந்தபின் ஃபீலர் கேஜ் வையுங்கள். மாட்டும்போது கடைசிவரை கையாலேயே முடுக்குங்கள். பிறகு ஸ்பேனரால், புது பிளக் என்றால் அரைச் சுற்று. பழையது என்றால் அதில் பாதிகூட வேண்டாம்.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர். மூடியைத் திறந்து உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பென்சிலால் கோடு போட்ட மாதிரி கறுப்பு இழை தெரிந்தால், தீப்பொறி குறுக்கு வழியில் ஓடுகிறது. துடைத்தால் போகாது, மூடியை மாற்றுங்கள். ஈரம் மட்டும் என்றால் உலர்ந்த துணி போதும். லீடுகளுக்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது: ராத்திரி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுப் பானெட்டைத் திறந்து தள்ளி நின்று பாருங்கள். லீடு மேல் நீலமாக மினுமினுத்தால் கசிகிறது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை லீடு செட்டை மாற்றுவது செலவில்லை, காப்பீடு.

பாயிண்ட் வைத்த மாடல்களில் (பிந்தைய வண்டிகளில் எலெக்ட்ரானிக் வந்துவிட்டது, அங்கே இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள்):

1. எஞ்சினை மெதுவாகச் சுழற்றி, பாயிண்ட் முழுதாகத் திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

2. முகங்கள் இரண்டையும் பாருங்கள். சின்னப் புள்ளிகள் என்றால் எமரியால் ஒரு இழு இழுத்து, பிறகு சுத்தமான தாளை நடுவில் வைத்து இழுத்து மணல் துகள் இல்லாமல் செய்யுங்கள். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் குழி என்றால் புதிது போடுங்கள்; கண்டென்சரும் சந்தேகத்துக்குரியது, சேர்த்தே மாற்றுங்கள்.

3. இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. கேஜ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும்; திணறவும் கூடாது, ஆடவும் கூடாது.

4. நட்டை இறுக்கியபின் மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போது நகரும், எப்போதும் நகரும்.

இடைவெளி மாறினால் டைமிங்கும் சற்றே மாறும். டைமிங் லைட் இல்லாமல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி ‘காதால்’ டைமிங் வைக்கும் வித்தையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்து நிமிட வேலை. லைட் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

மூன்றாம் சுற்று: பெட்ரோல்

1. டேங்க் மூடியில் தொடங்குங்கள். வண்டி திணறும்போது நிறுத்தி மூடியைத் திறந்து பாருங்கள். ‘புஸ்’ஸென்று காற்றை உள்ளே இழுத்து, அதன்பின் வண்டி சரியானால் டேங்கின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது.

2. பெட்ரோல் ஃபில்டரை மாற்றுங்கள். மேலே இருக்கும் அம்புக்குறி பெட்ரோல் போகும் திசை, அதாவது எஞ்சின் பக்கம். விலை அற்பம், சந்தேகப்படும் நேரத்தில் மாற்றிவிடலாம்.

3. பம்பைச் சோதிக்க: காயிலுக்கு வரும் இக்னிஷன் ஒயரைக் கழற்றுங்கள், தீப்பொறி வரக் கூடாது. கார்புரேட்டருக்குப் போகும் ஓஸை அகல வாய்க் கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு, இன்னொருவரை ஐந்து நொடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பீய்ச்சிப் பீய்ச்சி வந்தால் பம்ப் நலம். அழுது வடிந்தால் டயாஃப்ரம் போய்விட்டது. அந்தச் சந்தேகம் வந்ததும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தும் பாருங்கள்; ஆயிலில் பெட்ரோல் நாற்றம் அடித்தால், பம்பையும் ஆயிலையும் மாற்றும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம்.

4. அந்தப் பாட்டிலைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தங்கினால் டேங்கில் தண்ணீர் இருக்கிறது. டேங்கைக் காலி செய்து கழுவ வேண்டும்.

இங்கே எத்தனாலைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் பம்புகளுக்கு வரத் தொடங்கியது. இந்த வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மூன்று விஷயங்கள் நடக்கின்றன. பழைய ரப்பர் ஓஸ், பம்ப் டயாஃப்ரம், ஃப்ளோட் அறையின் வாஷர் எல்லாம் சீக்கிரம் இறுகவோ ஊறவோ செய்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கிறது. மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியின் டேங்கில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரியும். மூன்றாவது, எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய பெட்ரோலுக்கு வைத்த கார்புரேட்டர் இப்போது சற்றே மெலிந்த கலவையைக் கொடுக்கிறது. இன்ஜெக்‌ஷன் வண்டியின் கம்ப்யூட்டர் தானாகச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு மூளை இல்லை, நீங்கள்தான் செய்ய வேண்டும். எப்படி என்பது கீழே. ரப்பர் சாமான் வாங்கும்போது எத்தனாலைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டிவாருங்கள்.

கடைசிச் சுற்று: கார்புரேட்டர்

மூன்று சுற்றும் முடிந்து, எல்லாம் சரியாக இருந்து, இன்னும் அணைகிறதா? இப்போது கைவைக்கலாம்.

முதலில் சோலனாய்டு. பல கார்புரேட்டர்களில் ஐடிலுக்குப் போகும் பெட்ரோலைத் திறந்து மூடும் சின்ன மின்வால்வு ஒன்று, ஒற்றை ஒயரோடு இருக்கும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, அந்த ஒயரைக் கழற்றி மாட்டுங்கள். ‘டிக்’ என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால், ஆக்சிலேட்டரை மிதித்தால் ஓடும், விட்டால் நின்றுவிடும் என்ற உங்கள் முழுக் கதைக்கும் வில்லன் அதுதான். ஒயருக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் டிக் இல்லை என்றால் சோலனாய்டை மாற்றுங்கள்.

அடுத்தது ஐடில் ஜெட். தலைமுடி நுழையும் அளவு துளை. கழற்றி, கிளீனர் ஸ்ப்ரே அடித்து, காற்று ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; வட்டமாக ஒளி தெரிய வேண்டும். ஊக்கு, கம்பி, தையல் ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். பித்தளை மிருதுவானது, ஒருமுறை குடைந்தால் துளை பெரிதாகி, பிறகு எந்த டியூனிங்கும் நிற்காது. ஸ்ப்ரே அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்; ஒரு துளையில் அடித்தால் எதிர்பாராத துளையிலிருந்து முகத்துக்கு வரும்.

வெளியே பெட்ரோல் ஒழுகிக் கார்புரேட்டர் நனைந்திருந்தால் ஃப்ளோட் அறையின் ஊசி வால்வில் தூசு. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் லேசாக இரண்டு தட்டு தட்டுங்கள். சரியாகாவிட்டால் கழற்றத்தான் வேண்டும், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஐடில் வைக்கும் முறை:

1. 15 நிமிடம் ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். சோக் முழுக்க உள்ளே. ஏ.சி., விளக்கு எல்லாம் அணைத்து, ஏர் ஃபில்டர் மாட்டிய நிலையில், ஃபேன் சுழலாத நேரத்தில் தொடங்குங்கள்.

2. ஸ்க்ரூக்கள் இரண்டு. ஆக்சிலேட்டர் கம்பி இழுக்கும் லீவரைத் தாங்கி நிற்பது வேக ஸ்க்ரூ. கார்புரேட்டரின் அடிப்பாகத்துக்குள் நுழைவது கலவை ஸ்க்ரூ.

3. எஞ்சினை அணைத்து, கலவை ஸ்க்ரூவை எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே மெல்ல உள்ளே திருகுங்கள். தொட்டதும் நிறுத்துங்கள், இறுக்கினால் ஊசிமுனையில் வளையம் பதிந்து ஸ்க்ரூ வீணாகும். எண்ணிக்கையை எழுதுங்கள். திரும்ப அதே சுற்றுக்கு வெளியே கொண்டுவாருங்கள்.

4. ஸ்டார்ட் செய்து, வேக ஸ்க்ரூவால் சுமார் 900 சுழற்சிக்கு வையுங்கள். பானெட் அடியில் ஸ்டிக்கரில் வேறு அளவு இருந்தால் அதுவே இறுதி. மீட்டர் இல்லையா? பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் மினுக்காமல் அணைந்திருக்கும் மிகக் குறைந்த வேகத்தைப் பிடியுங்கள்.

5. கலவை ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே. ஐந்து நொடி கேளுங்கள். எஞ்சின் தடுமாறத் தொடங்கும்வரை இப்படியே. பிறகு கால் கால் சுற்றாக வெளியே வாருங்கள். வேகம் கூடி, சீராகி, ஓரிடத்தில் அதற்கு மேல் கூடாது. அந்த உச்சிதான் உங்கள் இடம். அங்கிருந்து ஒரு நூல் மட்டும் உள்ளே. எத்தனால் பெட்ரோலில் இது நீங்கள் எழுதிய பழைய எண்ணைவிடக் கொஞ்சம் வெளியே வரும், பயப்பட வேண்டாம்.

6. வேகம் ஏறியிருக்கும். வேக ஸ்க்ரூவால் மறுபடி 900-க்கு இறக்குங்கள். 5-ஐயும் 6-ஐயும் இன்னொரு முறை செய்யுங்கள்.

7. ஆக்சிலேட்டரை ஒருமுறை அழுத்தி விடுங்கள். அணையாமல், தடுமாறாமல் ஐடிலுக்கு இறங்க வேண்டும். ஹெட்லைட் போட்டு மறுபடி பாருங்கள்.

குறிப்பு: காதை நம்ப முடியவில்லை என்றால், புகைப் பரிசோதனை மையத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், கருவி ஓடும்போதே ஸ்க்ரூவைத் திருப்ப அனுமதி கேளுங்கள். அந்தக் காலத்து கார்புரேட்டர் வண்டிகளுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே கலவை வைப்பதைவிட நேர்த்தியான முறை கிடையாது. சான்றிதழும் கையோடு வந்துவிடும்.

பெரும் தவறு: வேக ஸ்க்ரூவை மட்டும் ஏற்றிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று கிளம்புவது. அணைவது நிற்கும், பெட்ரோல் செலவு ஏறும், ரிவர்ஸ் கியர் கரகரக்கும், சாவியை அணைத்தபின்னும் எஞ்சின் நாலு முறை முனகிவிட்டு நிற்கும். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை ஒளித்துவைத்த கதை.

சூட்டில் மட்டும் நிற்கும் வண்டி

சித்திரை வெயிலில், நெரிசலில் பத்து நிமிடம் ஊர்ந்தபின் அணைந்து, அரை மணி கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். இரண்டில் ஒன்று காரணம். குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவியாகி வரத்து அறுந்திருக்கும். அல்லது காயிலோ கண்டென்சரோ சூட்டில் சோர்ந்திருக்கும்.

பிரித்தறிய எளிய வழி: அணைந்த உடனே, வீட்டுக்கு வரும் முன், அந்த இடத்திலேயே தீப்பொறியைப் பாருங்கள். முன்பு சொன்ன பழைய பிளக்கை லீடில் சொருகி, உடம்பு எஞ்சினில் பதிய, பெட்ரோல் வாடை இல்லாத மூலையாகப் பார்த்து வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாகப் படபடத்தால் மின்சாரம் நலம், பெட்ரோல்தான். ஈரத்துணியைப் பம்ப் மேலும் பெட்ரோல் குழாய் மேலும் போட்டுச் சற்று நேரம் பொறுத்தால் உயிர் வரும். மஞ்சளாக, மெலிந்து வந்தாலோ வராமலே போனாலோ காயிலும் கண்டென்சரும். காயிலைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கை பொரியும்.

ஆவியாவது திரும்பத் திரும்ப வந்தால், கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் சூட்டைத் தடுக்கும் தடித்த ஸ்பேசர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வேலைகளில் அதை எடுத்துவிட்டு வெறும் கேஸ்கெட் போட்டுவிடுவார்கள். பெட்ரோல் குழாய் எங்காவது சைலன்சரை ஒட்டி ஓடுகிறதா என்றும் கவனியுங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால்

2000-ஐ ஒட்டி வந்த இன்ஜெக்‌ஷன் மாடல்களில் திருப்ப ஸ்க்ரூ இல்லை, திருப்ப முயலாதீர்கள். காற்று, பிளக் இரண்டு சுற்றும் அப்படியே பொருந்தும். ஆனால் லீடு கழற்றும் சோதனையைத் தவிருங்கள், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். இவற்றில் ஐடில் தொல்லைக்கு முதல் காரணம் த்ராட்டில் பாடியில் படியும் கறுப்புப் பிசின். எஞ்சின் அணைந்த நிலையில், துணியில் கிளீனரை நனைத்து மூடியின் விளிம்பைத் துடையுங்கள். அருகில் இருக்கும் ஐடில் வால்வையும் அப்படியே. அதன்பின்னும் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள்.

ஷெட்டுக்குப் போகும்போது

ஒரு சிலிண்டர் மட்டும் சோம்பி, அதன் பிளக், லீடு இரண்டையும் மாற்றியும் எழவில்லை என்றால் கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். டேப்பட் இடைவெளி இறுகி வால்வு முழுதாக மூடாமல் இருக்கலாம், கேஸ்கெட் போயிருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்து, வெள்ளைப் புகையும் வந்தால் ஓட்டாதீர்கள், இழுத்துப் போங்கள்.

‘ஐடிலிங் சரியில்லை, பாருங்கள்’ என்று சொல்லி வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். சொன்னால் அவருடைய ஸ்க்ரூ டிரைவரும் நேராகக் கார்புரேட்டருக்குத்தான் போகும். முதலில் எழுதிய தாளைக் கொடுங்கள்: “அண்ணே, ரெண்டாவது சிலிண்டர் எடுக்கல. பிளக், லீடு புதுசு. ஓஸ் எல்லாம் பாத்தாச்சு. கலவை ஸ்க்ரூ ரெண்டேகால் சுத்துல இருக்கு, அதைத் தொடாம கம்ப்ரெஷன் மட்டும் பாருங்க.”

அவர் தாளை ஒரு பார்வை, உங்களை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு கம்ப்ரெஷன் கேஜை எடுத்து வரச் சொல்லிப் பையனை அனுப்புவார்.